மருத்துவக் கல்வியும் தமிழ்ச் சொல்லாக்கமும்: சாமுவேல் பிஸ்க் கிறீனின் யாழ்ப்பாணப் பணி

தமிழில் அறிவியல் கலைச்சொற்கள் உருவான வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டிலிருந்தே தொடங்குகின்றனர். 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் மேற்கொண்ட முயற்சி, 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதி ஆகியவை அவ்வரலாற்றின் முதற்படிகளாகச் சுட்டப்பெறுகின்றன. இவற்றுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவம் தமிழில் பயிற்றப்பட்டது; அதற்கு வேண்டிய பாடநூல்கள் தமிழில் அச்சாயின; தமிழில் கற்றவர்கள் மருத்துவத் தொழில் செய்தனர். இதனைச் செய்தவர் அமெரிக்க மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன்.

கிறீனின் பெயர் அறியப்படாத பெயரன்று. ஈழத்துக் கவிஞர் அம்பி 1967இல் வெளியிட்ட 'கிறீனின் அடிச்சுவடு' என்னும் நூல் அவரைத் தமிழுலகுக்கு மீண்டும் அறிமுகம் செய்தது. அதன் பின்னர்த் தமிழ்ப் பயிற்றுமொழி பற்றிய விவாதம் எழுந்தபோதெல்லாம் கிறீன் சான்றாகக் காட்டப்பட்டார். தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலும் என்பதற்கு அவர் பணி போதிய சான்றே. ஆயினும் அச்சான்று ஒரு பாதி உண்மையை மட்டுமே கூறுகிறது. இயலும் என்று காட்டப்பட்ட ஒன்று ஏன் தொடரவில்லை என்பதும், அவர் ஆக்கிய சொற்களுள் எவை நின்றன, எவை மறைந்தன என்பதும் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கேட்க வேண்டிய வினாக்கள்.

பெயரின் எழுத்துமுறை பற்றி இங்கு ஒன்று கூறலாம். தமிழ்நாட்டில் 'கிரீன்' என எழுதப்படும் பெயரை யாழ்ப்பாணத்தார் 'கிறீன்' என்றே எழுதி வந்துள்ளனர். ஆங்கில ரகரத்துக்கு வல்லின றகரத்தை ஆள்வது அங்குள்ள மரபு. 'றேடியோ' என்பதும் அவ்வாறு அமைந்ததே. அவர் வாழ்ந்து பணி செய்த இடத்தின் வழக்கை ஒட்டி இக்கட்டுரையிலும் 'கிறீன்' என்னும் வடிவமே கொள்ளப்பட்டுள்ளது.

களமும் காலமும்

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கினர். 1823இல் டானியல் பூவரின் தலைமையில் வட்டுக்கோட்டைச் செமினரி நிறுவப்பட்டது. கணிதம், வானியல், மெய்யியல் முதலியவை அங்கு ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. தமிழிலக்கியமும் வடமொழியும் உடன் பயிலப்பட்டன. பின்னாளில் தொல்காப்பியப் பகுதிகளையும் கலித்தொகையையும் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அச்செமினரியின் மாணவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக 1857இல் அவரும் கரல் விசுவநாதபிள்ளையும் தேறியமை பலரும் அறிந்த செய்தி. 'கரல்' என்பது போன்ற முன்னொட்டுப் பெயர்கள் செமினரி மாணவர்க்குப் பொருளுதவி செய்த அமெரிக்கர்களின் பெயர்களிலிருந்து வந்தவை. யாழ்ப்பாணத்தின் 19ஆம் நூற்றாண்டுப் பெயர்ப்பட்டியல்களைக் காணும் இன்றைய ஆய்வாளர் இவர்களை ஐரோப்பியர் என்று மயங்குவதற்கு இடமுண்டு.

சொற்றொகுப்புப் பணியும் அங்கு முன்னரே வேரூன்றியிருந்தது. 1841இல் 'உதயதாரகை' இதழ் தோன்றியது. 1842இல் 58,500 சொற்களைக் கொண்ட யாழ்ப்பாண அகராதி மானிப்பாய் அச்சகத்தில் அச்சாயிற்று. 'மானிப்பாய் அகராதி' என்னும் மறுபெயர் அதனால் வந்தது. 1862இல் மிரன் வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி 67,000க்கு மேற்பட்ட சொற்களுடன் சென்னையில் வெளிவந்தது. எனவே கிறீன் வெறும் நிலத்தில் விதைத்தவர் அல்லர். உரைநடை, அச்சு, அகராதி, இருமொழி அறிந்த இளைஞர் கூட்டம் ஆகிய நான்கும் அவருக்குமுன் அங்கு இருந்தன. அவரைத் தனிமனித அற்புதமாகக் காட்டும் எழுத்துகள் இதனைப் போதிய அளவு கருதுவதில்லை.

மருத்துவத்திலும் முன்னோர் உண்டு. ஜான் ஸ்கடர் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி புரிந்து பின்னர்ச் சென்னைக்குச் சென்றார். அவருக்குப் பின் நேதன் வார்டு வந்தார். அவர்க்கு அடுத்து வந்தவர் கிறீன்.

1822 அக்டோபரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் கிறீன் பிறந்தார். பிற்காலத்தில் நியூயார்க் நகர விரிவாக்கத்துக்குக் காரணமாக இருந்தவரெனப் பெயர்பெற்ற ஆண்ட்ரு ஹாஸ்வெல் கிறீன் இவருடைய உடன்பிறந்தவர். நியூயார்க்கில் மருத்துவம் கற்று 1845இல் பட்டம் பெற்ற சாமுவேல், 1847இல் கப்பலேறி அவ்வாண்டின் அக்டோபரில் யாழ்ப்பாணம் அடைந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் தங்கித் தமிழ் கற்றார். 1848இல் மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். அவ்வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடைபெற்றது. 1850களின் இறுதியில் தாயகம் சென்று, 1862இல் திருமணம் செய்துகொண்டு மீண்டும் மானிப்பாய்க்கு வந்தார். 1873இல் நிரந்தரமாக ஊர் திரும்பினார்; 1884 மே மாதத்தில் வூஸ்டரிலேயே மறைந்தார். இடைவெளி நீங்கலாக அவர் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தது ஏறத்தாழ 21 ஆண்டுகள்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு

கிறீனின் பணியில் முதன்மையான திருப்பம் 1864இல் நேர்ந்தது. அவ்வாண்டு முதல் மருத்துவ வகுப்பைத் தமிழில் நடத்தத் தொடங்கினார். இம்மாற்றத்தைத் தமிழ்ப்பற்றின் விளைவாக மட்டும் காண்பது போதாது. இதன் பின்னணியில் இரண்டு காரணங்கள் உள்ளன.

ஒன்று, அவர் சார்ந்திருந்த அமெரிக்க மிஷன் சங்கத்தின் கொள்கை மாற்றம். சங்கத்தின் செயலர் ரூபஸ் ஆண்டர்சன் தலைமையில் வந்த குழு, மிஷனின் கல்விப் பணிகளை ஆராய்ந்து, ஆங்கிலக் கல்வி மாணவரை அரசு வேலைக்கு ஆயத்தப்படுத்துகிறதேயன்றிச் சமயப் பணிக்கு ஆயத்தப்படுத்தவில்லை என்னும் கருத்துக்கு வந்தது. 1855இல் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றில் இதனை ஓர் இழப்பாகவே பலர் கருதியுள்ளனர். ஆங்கிலத்தின் வழியே உயர்வு தேடிய ஒரு தலைமுறைக்கு அது இழப்பே. ஆனால் தாய்மொழிக் கல்விக்குச் சாதகமான கொள்கைச் சூழல் அந்த மூடலோடு சேர்ந்தே பிறந்தது என்பதையும் மறுக்க இயலாது.

மற்றொன்று, கிறீனின் சொந்தப் பட்டறிவு. ஆங்கிலத்தில் மருத்துவம் கற்ற மாணவர்கள் அரசு மருத்துவப் பணியில் அமர்ந்து பிற பகுதிகளுக்குச் சென்றனர். கிராமங்களில் மருத்துவர் தங்கவேண்டும் என்று கருதிய கிறீனுக்கு இது நோக்கத்தையே முறியடிக்கும் போக்காகத் தோன்றியது. தமிழில் கற்றவர் தமிழ்ப் பகுதியிலேயே நிலைப்பர் என்பது அவர் கணிப்பு. மாணவர் ஐரோப்பிய உடைக்கும் பழக்கங்களுக்கும் மாறுவதையும் அவர் விரும்பவில்லை. சமயத்தால் கிறித்தவராகவும் வாழ்முறையால் தமிழராகவும் இருக்கவேண்டும் என்பதே அவர் நிலைப்பாடு.

இக்கணிப்பில் ஒரு முரண் உண்டு. தமிழ்வழிக் கல்வி மாணவரின் அறிவெல்லையை விரித்தது. அவருடைய பிழைப்பெல்லையைச் சுருக்கியது. கிராமத்தில் மருத்துவர் தங்கினார் என்றால், வெளியே செல்ல அவருக்கு வழியில்லை என்பதும் அதன் பொருளாகும். இதைக் கிறீன் அறியாதவர் அல்லர். அறிந்தே தேர்ந்தெடுத்தார். பயிற்றுமொழி பற்றிய பிற்கால விவாதங்கள் அனைத்திலும் மாணவர்தம் பெற்றோர் எழுப்பிய ஐயம் இதுவேயாதலின், 1864ஆம் ஆண்டின் மானிப்பாய் வகுப்பறை இக்காலத்துக்குத் தொலைவில் இல்லை.

எவ்வாறாயினும் அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கு மேற்பட்டோர். ஒரு சிறு தீபகற்பத்தில், ஒரு மனிதரின் பொறுப்பில் நடந்த வகுப்புக்கு இது சிறிய எண்ணன்று.

நூல்கள்

வகுப்புத் தமிழுக்கு மாறுவதற்கு முன்னரே மொழிபெயர்ப்புத் தொடங்கிவிட்டது. கட்டர் என்பாரின் உடலமைப்பு, உடலியக்கம், உடல்நலம் பற்றிய நூல் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்னும் பெயருடன் 1857இல் வெளிவந்தது. மான்செலின் பிள்ளைப்பேற்று மருத்துவ நூல் அதே ஆண்டில் 'பிரசவ வைத்தியம்' ஆயிற்று. துருயிட் எழுதிய அறுவை மருத்துவ நூல் 1867இல் 'இரண வைத்தியம்' என வந்தது. 1872இல் இரு பெருநூல்கள் வெளியாயின: கிரேயின் உடற்கூற்று நூலாகிய 'மனுஷ அங்காதிபாதம்', ஹூப்பரின் மருத்துவக் கைந்நூலாகிய 'வைத்தியாகரம்'. வெல்ஸின் வேதியியல் நூல் 'கெமிஸ்தம்' என்று 1875இலும், டால்டனின் உடலியங்கியல் 'மனுஷ சுகரணம்' என்று 1883இலும், இந்திய மருந்துப் பொருள்களைப் பற்றிய நூல் 'இந்து பதார்த்த சாரம்' என்று 1884இலும் வந்தன. இவற்றோடு துறைதோறும் சொற்றொகுதிகளும் வெளியிடப்பட்டன. எல்லாம் சேர்ந்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள். இறுதி நூல்கள் அவர் வூஸ்டருக்குத் திரும்பிய பின்னர் வந்தவை என்பது நோக்கத்தக்கது. ஊரைவிட்டு நீங்கியும் பணியை விட்டு அவர் நீங்கவில்லை.

கிரேயின் நூல் இலண்டனில் முதன்முதல் வெளிவந்தது 1858இல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழில் கிடைத்தது. மூலநூல்களின் தேர்வே கிறீனின் நோக்கத்தைக் காட்டிவிடுகிறது. எளிய அறிமுகச் சுருக்கங்களோடு அவர் நின்றுவிடவில்லை. அக்காலத்து ஆங்கில மருத்துவ மாணவர் எதனைப் படித்தனரோ அதனையே தமிழ் மாணவரும் படிக்கவேண்டும் என்று கொண்டார்.

இந்நூல்களுக்கு ஆசிரியர் யார் என்னும் வினா எழுகிறது. நூலக அட்டவணைகளில் இவை கிறீனின் பெயரிலேயே காணப்படுகின்றன. உண்மையில் அவருடைய மாணவர்களும் உதவியாளர்களும் மொழிபெயர்க்க, கிறீன் ஒப்புநோக்கித் திருத்திப் பதிப்பித்தார் என்பதே பணியின் இயல்பு. பொருளறிவும் இறுதி முடிவும் அவருடையவை; தமிழ் நடையின் பெரும்பகுதி அவர்களுடையது. ஒருவர் மொழிபெயர்ப்பது, மற்றொருவர் அதனை வகுப்பறையில் பயன்படுத்திப் பார்ப்பது, பயன்பாட்டில் இடறும் சொல்லைத் திருத்துவது என்னும் சுழற்சி அங்கு நிகழ வாய்ப்பிருந்தது. பிற்காலக் கலைச்சொற் குழுக்கள் பலவற்றுக்கு வாய்க்காத நிலை இது. குழுக்கள் சொல்லை ஆக்கி அச்சிட்டுவிட்டுக் கலைந்தன. மானிப்பாயில் சொல்லை ஆக்கியவரே மறுநாள் காலை அச்சொல்லால் பாடம் நடத்தினார், நோயாளியின் படுக்கையருகே நின்று அதனை மாணவனுக்குச் சொன்னார்.

நடையிலும் ஒரு மாற்றம் குறிப்பிடத்தக்கது. யாழ்ப்பாணத்து மருத்துவ மரபு செய்யுள் மரபு. ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்தனவாகக் கருதப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்கள் பாவால் ஆனவை. மனப்பாடம் செய்து, ஆசானிடம் பொருள் கேட்டறியும் கல்விமுறைக்கு ஏற்ற வடிவம் அது. கிறீன் குழுவினர் எழுதியது உரைநடை. மருத்துவத் தமிழ் என்று இன்று கூறப்படும் மொழிவகை செய்யுளிலிருந்து பிரிந்து நின்ற இடங்களுள் இது முதன்மையானது.

தலைப்புகள் கூறும் சொல்லாக்க நெறி

நூல்களின் உள்ளே புகாமல் தலைப்புகளை மட்டும் நிரலாக வைத்து நோக்கினும் சொல்லாக்கத்தின் மூன்று படிநிலைகள் புலப்படுகின்றன.

முதற்படி, மக்கள் வழக்கில் முன்பே இருந்த சொல்லை எடுத்தாளுதல். 'பிரசவம்', 'இரணம்', 'வைத்தியம்' ஆகியவை இவ்வகையின. மூன்றும் வடசொற்களே, ஆயினும் பேச்சில் நெடுங்காலம் புழங்கியமையால் எவருக்கும் விளக்கம் வேண்டாதவை. 'இரண வைத்தியம்' என்னும் பெயரில் ஒரு பொருட்சுருக்கம் உள்ளது. அறுவை மருத்துவம் புண்ணுக்குச் செய்யும் மருத்துவம் மட்டுமன்று. மரபு மருத்துவத்தில் 'சத்திர வைத்தியம்' என்னும் பெயர் இருந்தும் அதனை விடுத்து 'இரணம்' கொள்ளப்பட்டது. கருவியைச் சுட்டும் சொல்லைவிட நோயாளியின் துன்பத்தைச் சுட்டும் சொல் எளிதில் விளங்கும் எனக் கருதியிருத்தல் கூடும். பிற்கால இலங்கைத் தமிழ் 'சத்திரசிகிச்சை' என்பதையும், தமிழ்நாட்டுத் தமிழ் 'அறுவை சிகிச்சை' என்பதையும் ஏற்றன. இரண்டும் செயலைக் குறிப்பன; புண்ணைக் குறிப்பன அல்ல.

இரண்டாம்படி, வடமொழி உறுப்புகளைக் கொண்டு புதுத்தொடர் ஆக்குதல். 'அங்காதிபாதம்', 'சுகரணம்', 'உற்பாலனம்' ஆகியவை இத்தகையன. 'அங்காதிபாதம்' என்பதைக் காணும் தமிழ் மாணவனுக்குக் 'கேசாதிபாதம்' நினைவுக்கு வராமல் போகாது. தலைமுதல் அடிவரை உறுப்புகளை நிரலாக வருணிக்கும் இலக்கிய வகையின் பெயரை ஒத்து, உறுப்புகளை நிரலாக அறுத்துக் காட்டும் அறிவியலின் பெயர் அமைந்துள்ளது. இவ்வொப்புமை கருதிச் செய்யப்பட்டதாயின், மூலச்சொல்லை அப்படியே மொழிபெயர்க்காமல் தமிழ் மரபில் அதற்கு இணையான ஒன்றைத் தேடியமைக்கு இது நல்ல சான்றாகும்.

'சுகரணவாதம்' என்னும் சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. 1857இன் தலைப்பில் உள்ள 'வாதம்' கொள்கை, கோட்பாடு என்னும் பொருளது. துறைப்பெயரை ஆக்கும் ஒட்டுப்போல நிற்கிறது. ஆனால் தமிழ் மருத்துவத்தில் 'வாதம்' என்றால் வாத பித்த சிலேட்டுமங்களுள் முதலாவதே அனைவர்க்கும் தோன்றும்; மூட்டுவலிக்கும் அதுவே பெயர். மருத்துவ நூலொன்றின் முகப்பில் இச்சொல் மயக்கம் தரும். 1883இன் தலைப்பில் 'மனுஷ சுகரணம்' என்பது மட்டுமே உள்ளது. வாதம் நீங்கிவிட்டது. மூலநூல்கள் வேறாயினும் 26 ஆண்டு இடைவெளியில் 'சுகரணம்' மாறாது நின்றதையும் 'வாதம்' உதிர்ந்ததையும் ஒருங்கு நோக்கினால், ஒருசீர்மை பேணப்பட்டதும் திருத்தத்துக்கு இடமளிக்கப்பட்டதும் தெளிவாகின்றன. கலைச்சொல் தரப்படுத்தத்தின் இரு தேவைகளும் இவையே.

மூன்றாம்படி, ஆங்கிலச் சொல்லையே தமிழ் வடிவில் ஏற்றல். 'கெமிஸ்தம்' இதற்கு எடுத்துக்காட்டு. வடசொல் ஆக்கத்தில் தயங்காதவர்கள் இங்கு ஏன் கடன் வாங்கினர்? 'இரசவாதம்' என்றால் இரும்பைப் பொன்னாக்கும் வித்தை என்று பொருள்படும். 'இரசாயனம்' மரபு மருத்துவத்தில் உடலை உரப்படுத்தும் மருந்துவகைக்குப் பெயர். இரண்டும் வேறோர் அறிவுமுறையின் சுமையைத் தாங்கியவை. தவறான பொருளைத் தரும் பழஞ்சொல்லைவிடப் பொருளே தராத புதுச்சொல் நன்று என்று முடிவு செய்யப்பட்டதாகக் கொள்ளலாம். அவ்வாறு வந்த சொல்லையும் அப்படியே விடவில்லை. 'அம்' ஈறு சேர்த்துத் தமிழ்ப் பெயர்ச்சொல்லாக்கினர். மகர ஈறு வந்துவிட்டால் 'கெமிஸ்தத்தை', 'கெமிஸ்தத்தில்' எனச் சாரியை பெற்று வேற்றுமையேற்பதற்குத் தடையில்லை. 'கெமிஸ்த' எனப் பெயரடையாக நிற்கவும் கூடும். ஒலிபெயர்ப்பு என்று இதனை ஒதுக்குவது பிழை. இலக்கணத்துக்குள் கொண்டுவரப்பட்ட கடன்சொல் இது.

இச்சொற்களை வடமொழி மிகுந்தவை என்று குறை கூறுவது வழக்கமாகிவிட்டது. தனித்தமிழ் இயக்கம் 1916ஐ ஒட்டித் தொடங்கியது. அதற்கு அரை நூற்றாண்டு முந்தியவரை அந்த அளவுகோலால் அளப்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. கற்றோர் உரைநடையில் வடசொல் மதிப்புப் பெற்றிருந்த காலம் அது. அன்றியும் இச்சொற்கள் மறைந்ததற்கு வடமொழித் தன்மை காரணமாயின், இலங்கையில் இன்றும் வழங்கும் 'சத்திரசிகிச்சை', 'இரசாயனவியல்' ஆகியவை நின்றிருக்கக் கூடாது.

தொடர்ச்சி அற்றுப்போனமை

சொற்கள் மறைந்தது அவற்றைப் பயன்படுத்திய நிறுவனம் மறைந்தமையால். 1870இல் கொழும்பில் அரசு மருத்துவக் கல்லூரி தோன்றியது. அதன் பயிற்றுமொழி ஆங்கிலம். சென்னையில் 1835இலேயே தொடங்கிய மருத்துவக் கல்வியும் ஆங்கிலத்திலேயே நடந்தது. அரசு ஏற்பும் பதவியும் ஆங்கிலப் பட்டத்துக்கே உரியவாயின. கிறீன் 1873இல் நாடு திரும்பியபின், அவருடைய வகுப்பைத் தமிழில் நடத்த வேண்டும் என்னும் உறுதியுடைய நிறுவனம் எதுவும் எஞ்சவில்லை. நூல்கள் இருந்தன, அவற்றால் பயில்வோர் இல்லை. 'மனுஷ சுகரணம்' அச்சான 1883இல் அதனை வாங்கிப் பயிலவேண்டிய வகுப்பே அருகிவந்தது என்பது இப்பணியின் துயரமான பகுதி.

நூல் இன்மையா, வாசகர் இன்மையா, நிறுவனம் இன்மையா என்னும் இவ்வினாவை வேறொரு தமிழ்க் களத்தில் வைத்தும் நோக்கலாம். மைசூர்ச் சீமையின் கோலார் தங்க வயல் அத்தகையது. கிறீனின் இறுதி ஆண்டுகளில்தான், 1880களில், ஜான் டெய்லர் நிறுவனம் அங்குப் பெருஞ்சுரங்கங்களைத் திறந்தது. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் அங்குக் குடியேறினர். மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், உரிகாம் ஆகிய குடியிருப்புகளில் பேச்சுமொழி பெரும்பாலும் தமிழே. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த அந்நகரம் தொழில்நுட்பத்தில் நாட்டுக்கு முன்னோடி. அங்கு வாசிப்பும் இருந்தது. தாமே சித்த மருத்துவராக விளங்கிய அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழுக்கு அங்கு வாசகர் இருந்தனர். அவர் மறைவுக்குப்பின் 1926இல் அவ்விதழ் ஜி. அப்பாதுரையாரால் தங்க வயலிலிருந்தே மீண்டும் நடத்தப்பட்டது. பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்த புத்தகசாலை அங்கிருந்து வெளியிட்டது. ஆகவே அச்சகம் இல்லை, படிப்போர் இல்லை என்று கூற இயலாது.

அத்தகைய ஊரில் 1940களில் நடந்த ஆய்வொன்று 7,653 சுரங்கத் தொழிலாளரைப் பரிசோதித்து, அவர்களுள் 43.7 விழுக்காட்டினர்க்குச் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் இருப்பதாகக் கண்டது. பாறைத் துகளை மூச்சில் ஏற்பதால் வரும் இந்நோய்க்கு இந்திய மருத்துவப் பாடநூல்கள் இன்றும் தங்க வயலையே முதன்மைச் சான்றாகக் காட்டுகின்றன. ஆய்வு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அறிவு பெறப்பட்டது தமிழரின் மார்பிலிருந்து. அது பதிவானது அவர்களுள் பெரும்பாலோர் படிக்கவியலாத மொழியில். இழப்பீடு கேட்கும் தொழிலாளியின் வழக்கு முழுவதும் ஒரு நோய்ப்பெயரைச் சுற்றியே நிற்க, அந்த நோய்ப்பெயரே அவனுக்கு அயலானதாக இருந்தது. தங்க வயலில் நல்ல மருத்துவமனை இருந்தது, தமிழ் வாசகர் இருந்தனர், தமிழ் அச்சகம் இருந்தது. மருத்துவமனைக்கும் அச்சகத்துக்கும் இடையே மானிப்பாயில் இருந்தது போன்ற தமிழ் வகுப்பறை மட்டும் இல்லை. சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் 20ஆம் நூற்றாண்டில் ஆக்கப்பட்ட மருத்துவக் கலைச்சொற்கள் கிறீனின் தொகுதிகளைத் தொடர்ந்து எழுந்தவை அல்ல; பெரும்பாலும் புதிதாகத் தொடங்கியவை. 'அங்காதிபாதம்' இருந்த இடத்தில் 'உடற்கூற்றியல்' வந்தது. 'சுகரணம்' போய் 'உடலியங்கியல்' வந்தது. 'கெமிஸ்தம்' தமிழ்நாட்டில் 'வேதியியல்' ஆகவும் இலங்கையில் 'இரசாயனவியல்' ஆகவும் பிரிந்தது. கிறீன் குழுவினர் தவிர்த்த 'இரசாயனம்' மீண்டும் வந்தபோது பழைய பொருட்சுமை பெரிதும் தேய்ந்துவிட்டிருந்தது, அதனால் இடரில்லை. ஒருமுறை செய்த வேலையை அறியாமல் மறுமுறை செய்தமையால் நேர்ந்த காலவிரயம் எவ்வளவு என்பதைச் சொற்றொகுதிகளைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டாலன்றிக் கணக்கிட முடியாது. அவ்வொப்பீடு செய்யத்தக்க பணி. கிறீனின் தொகுதிகளில் உறுப்புப் பெயர்களும் நோய்ப் பெயர்களும் எந்த அளவுக்கு யாழ்ப்பாணத்துப் பரியாரிமாரின் வழக்கிலிருந்து எடுக்கப்பட்டன என்பது அதனால் விளங்கும். மறைந்துபோன ஒரு தொழில்வழக்கின் எச்சங்கள் அவற்றில் இருத்தல் கூடும்.

முதற்படியைச் சேர்ந்த சொற்கள் மட்டும் நிறுவனத்தின் துணையின்றியும் நின்றுவிட்டன. பெயர்ப்பலகையில் 'மகப்பேறு' என்று எழுதியிருப்பினும் வீட்டில் 'பிரசவம்' என்றே கூறுகின்றனர். 'இரணம்' பேச்சில் 'ரணம்' ஆக வாழ்கிறது. மானிப்பாயில் கிறீனின் பெயர் தாங்கிய மருத்துவமனை உள்ளது. அந்நாட்டு வழக்கில் அது வைத்தியசாலை, அங்குப் பணிபுரிபவர் வைத்தியர்.